பி.பி. பொடியும் உப்பு டப்பாவும்: வாங்கும் முன்பும் விற்கும் முன்பும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை



சென்ற மாதம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த முருங்கை விவசாயிகள் இரண்டு பேருடன் சென்னை யானைக்கவுனிக்குப் போயிருந்தேன். முருங்கைக் கீரைப் பொடியை 100 கிராம் பாக்கெட்டாகப் போட்டு விற்பது அவர்கள் திட்டம். அதற்குக் கவர் வாங்க வேண்டும், லேபிள் அச்சடிக்க வேண்டும், நாட்டு மருந்துக் கடைகளில் விலையும் விசாரிக்க வேண்டும். சென்ட்ரலில் இறங்கி வால்டாக்ஸ் சாலை வழியே வடக்கே நடந்தால் யானைக்கவுனி. அங்கிருந்து மின்ட் தெருவைப் பிடித்துப் பூங்கா நகர் பக்கம் வந்தால் கந்தகோட்டம் முருகன் கோயில் இருக்கும் ராசப்ப செட்டி தெரு. தமிழ்நாட்டு நாட்டு மருந்து வியாபாரத்தில் இந்தத் தெருவுக்குத் தனி இடம் உண்டு. நம் வயலில் விளைவதும் காட்டில் பொறுக்குவதும் மூட்டையாக இங்கே வந்து, பொடியாகி, பாக்கெட்டாகி, பல மடங்கு விலையில் மறுபடி நம் ஊர்க் கடைக்கே வருகிறது.

வழியில் ஒருவர் கேட்டார்: "சார், இந்தக் கவுனிதான் கருப்புக் கவுனி அரிசியா?" இல்லை. இந்தக் கவுனி கோட்டை வாசல். ஐதர் அலி படையெடுப்புக்குப் பயந்து கருப்பர் பட்டணத்தைச் சுற்றிக் கட்டிய மதிலில் இருந்த வாயில்களில் ஒன்று இது. மதிலுக்குப் போட நினைத்த வரிதான் இன்று வால்டாக்ஸ் சாலை என்ற பெயராக நிற்கிறது. ஆனால் கருப்புக் கவுனி அரிசியும் அந்தத் தெருவில் இருந்தது. பாக்கெட்டின் மேல் "பி.பி., சுகர் குறைய" என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கும் ஆசை வந்துவிட்டது. லேபிள் அச்சடிக்கும் இடத்தில், "முருங்கைப் பொடி, ரத்த அழுத்தத்தைக் குணமாக்கும்னு பெரிசா போட்டுடலாம் சார்" என்றார்கள்.

அங்கேயே நிறுத்தச் சொன்னேன். காரணத்தை அன்று நின்ற இடத்தில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பொடியை நாம் வாங்கிச் சாப்பிடலாமா என்பது ஒன்று. நாம் தயாரித்து விற்கும்போது அப்படி எழுதலாமா என்பது இன்னொன்று.

எத்தனை பேருக்கு இந்தத் தொல்லை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வு 2023ல் வெளியானது. நம் நாட்டில் வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்று அது சொல்கிறது. அதாவது மூன்றில் ஒருவருக்கு. பட்டணத்துக்காரர்களுக்கு வரும் நோய் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளந்து பார்த்து மாத்திரை தருகிறார்கள். மாத்திரை இலவசம். இருந்தும் அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, காசு கொடுத்துப் பொடி வாங்குபவர்களை ஊர் ஊராகப் பார்க்கிறேன். "மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாது, பொடின்னா பக்கவிளைவு இல்ல" என்பது எல்லோரும் சொல்லும் காரணம்.

என் பெரியப்பாவும் இதைத்தான் சொன்னார். நெல்லும் உளுந்தும் போட்டவர், அறுபது வயதிலும் தானே மடை திறந்துவிடுவார். மாத்திரையை நிறுத்திவிட்டு யாரோ சொன்ன சூரணத்தைக் காலையும் மாலையும் குடித்தார். தலைசுற்றல் இல்லை, தூக்கம் நன்றாக வருகிறது, அதனால் பி.பி. இறங்கிவிட்டது என்று முடிவு செய்துகொண்டார். ஏழெட்டு மாதம் அளந்தே பார்க்கவில்லை. அறுவடை சமயத்தில் களத்தில் நின்றுகொண்டிருந்தவருக்கு வலது கை விழுந்தது, வாய் கோணியது. உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு மண்வெட்டி பிடிக்கவில்லை. அந்தச் சூரணம்தான் அவரைக் கெடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரை நின்றதும் அளக்காமல் விட்டதும்தான் கெடுத்தது. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. பயிரில் வேர்ப்புழு இருப்பதைப் போலத்தான். மேலே பச்சையாகவே இருக்கும்.

மூலிகையில் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. உலகமே பயன்படுத்திய ஒரு ரத்த அழுத்த மருந்து நம் நாட்டுச் செடியிலிருந்துதான் போனது. சர்ப்பகந்தா வேர் அது. கல்கத்தாவில் சென், போஸ் என்ற இருவர் 1931லேயே அதைப் பற்றி எழுதினார்கள். பம்பாயைச் சேர்ந்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் (British Heart Journal) முடிவுகளை வெளியிட்டார். 1952ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. பி.பி. நன்றாக இறங்கியது. கூடவே சிலருக்குக் கடும் மனச்சோர்வும் வந்தது. அதனால்தான் பின்னால் வந்த மாத்திரைகள் அதன் இடத்தைப் பிடித்தன.

இந்தக் கதையில் நமக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. மூலிகை வேலை செய்கிறது என்றால் அது மருந்தாக வேலை செய்கிறது. அப்போது அளவும் உண்டு, பக்கவிளைவும் உண்டு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் அதோடு சர்ப்பகந்தா கலந்த பொடியையும் சாப்பிட்டால், அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி வரப்பில் மயங்கி விழலாம். அடுத்தது, அந்தச் செடியை யாரும் காட்டில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். அழிவின் விளிம்பில் உள்ள செடி, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. பயிர் செய்ய விரும்பினால் வனத்துறை, மூலிகைப் பயிர் வாரியம் ஆகியவற்றின் நடைமுறைகளைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

மற்றப் பொருட்களுக்கு வருவோம். முதலில் ஒரு அளவுகோல். நல்ல ஒரு பி.பி. மாத்திரை, வழக்கமான அளவில், மேல் எண்ணைச் சராசரியாக 8 முதல் 9 வரை குறைக்கும். மேல் எண் 5 குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு பத்தில் ஒரு பங்கு குறைகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பீட்ரூட்டில் நைட்ரேட் இருக்கிறது. அது உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. லண்டனில் 64 பேரிடம் நான்கு வாரம் நடந்த ஆய்வு 2015ல் வெளியானது. தினம் 250 மில்லி பீட்ரூட் சாறு குடித்தவர்களுக்கு மேல் எண் 8 அளவுக்கு இறங்கியது. சாற்றை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. கால் லிட்டர் சாறு தினமும், ஆண்டு முழுவதும், யாரால் முடியும்? பொரியலாகச் சாப்பிடுங்கள், நல்லதுதான்.

பூண்டுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. பல ஆய்வுகளில் அழுத்தம் இறங்கியிருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். அளவிட்டுத் தயாரித்த பூண்டுச் சாரத்தை மாத்திரையாகக் கொடுத்துச் செய்தவை. நாம் குழம்பில் போடும் நான்கு பல்லுக்கு அதே பலன் என்று கணக்குப் போட முடியாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் பூண்டு மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

செம்பருத்தி டீயில் ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. இதைத் தோட்டக்கலை படித்தவர்களே கவனிப்பதில்லை. அமெரிக்காவில் 65 பேரிடம் ஆறு வாரம் செய்த ஆய்வில் மேல் எண் சுமார் 7 குறைந்தது உண்மை. ஆனால் அவர்கள் குடித்தது நம் வேலியோரம் பூக்கும் செம்பருத்தி கிடையாது. புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்த ரோசெல் செடியின் சிவந்த புல்லி இதழ். இரண்டும் ஒரே குடும்பம், வேறு வேறு செடி. வேலிச் செம்பருத்தியைக் காயவைத்து விற்பவர் அந்த ஆய்வைக் காட்டி விற்கக்கூடாது. ரோசெல் நம் மானாவாரி நிலத்தில் நன்றாக வரும். வாங்குபவரை முதலில் பிடித்துவிட்டுக் கால் ஏக்கரில் போட்டுப் பார்க்கலாம்.

கருப்புக் கவுனியில் ஆந்தோசயனின் என்ற நிறமி இருக்கிறது, நார்ச்சத்தும் இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசிக்குப் பதில் சாப்பிட ஏற்ற அரிசி. நம் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் 2024ல் கோ 57 என்ற கருப்பு அரிசி ரகத்தை வெளியிட்டது. 130 முதல் 135 நாள், ஹெக்டேருக்குச் சராசரி 4,600 கிலோ. சாய்ந்து விழும் பழைய கவுனியோடு போராடியவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனாலும் அது அரிசி. மாத்திரையின் இடத்தில் அதை வைக்க முடியாது. முருங்கைக் கீரைக்கும் இதே பேச்சுதான். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, பொட்டாசியம் எல்லாம் உள்ள அருமையான கீரை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே ஆபத்தாகலாம் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே நாட்டு மருந்துக் கடையில் அழுத்தத்தை ஏற்றும் பொருளும் இருக்கிறது. அதிமதுரம். தொண்டைக்கு, இருமலுக்கு, வயிற்றுப் புண்ணுக்கு என்று வீட்டில் வைத்திருப்போம். அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, பி.பி.யை ஏற்றும். இருமலுக்கு இரண்டு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் பாலில் கலந்து குடிப்பவர் பி.பி. நோயாளியாக இருந்தால் நிறுத்த வேண்டும். "சர்வரோக" சூரணம் வாங்கும்போது அதிமதுரம் சேர்ந்திருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். லேபிளே இல்லாத பொடியை வாங்க வேண்டாம். மூலிகைப் பொடி என்ற பெயரில் ஆங்கில மாத்திரையைப் பொடித்துக் கலந்த மோசடிகள் இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் பிடிபட்டிருக்கின்றன.

நம் வீட்டு உப்பு டப்பா

இவ்வளவு பொடிகளைப் பற்றிப் பேசுகிறோம். பி.பி.யைக் குறைப்பதில் இவற்றைவிட உறுதியான ஆதாரம் உள்ளது உப்பைக் குறைப்பதற்குத்தான். அதை யாரும் பாக்கெட் போட்டு விற்க முடியாது என்பதால் விளம்பரமும் இல்லை.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். உங்கள் வீட்டில் எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம் என்றால், ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மீன் கழுவியது, ஊறுகாய் போட்டது, மாட்டுக்கு வைத்தது போன்றவற்றைக் கழித்துக்கொள்ளுங்கள். 25 நாளில் தீர்ந்தால் இரண்டு மடங்கு சாப்பிடுகிறீர்கள். கடையில் வாங்கும் கருவாடு, அப்பளம், மோர் மிளகாய், மிக்சர், ஊறுகாய் ஆகியவற்றில் வருவது இந்தக் கணக்கில் சேரவே இல்லை. பழைய சோற்றில் தப்பு இல்லை. அதற்குத் தொட்டுக்கொள்வதில்தான் இருக்கிறது.

"வெயில்ல வேர்த்துக் கொட்டுது, எங்களுக்கு உப்பு வேணாமா?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வெயிலுக்குப் பழகிய உடம்பு ஒன்றிரண்டு வாரத்தில் வேர்வையில் போகும் உப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். வழக்கமான மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே போதுமான உப்பு கிடைத்துவிடுகிறது. குறைவது பெரும்பாலும் தண்ணீர்தான். உப்பு அளவாகப் போட்ட நீர்மோரைக் களத்துக்கு எடுத்துப் போங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும், சித்திரை, வைகாசி வெயிலில் வேலை செய்யும்போது தலை கிறுகிறுத்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் அளவை மாற்றிக் கொடுப்பார்.

இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். ரோஸ் நிறம் பி.பி.யைக் குறைக்காது. விலை கூடுதல், அயோடினும் சேர்க்கப்பட்டிருக்காது.

உண்மையில் மாற்று உப்பு என்று ஒன்று இருக்கிறது. சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு அது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் ஐந்தாண்டுகள் பயன்படுத்திப் பார்த்தார்கள். முக்கால் பங்கு சாதா உப்பு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. முடிவு 2021ல் வெளியானது. பொடி விற்பவர்கள் யாரிடமும் இப்படி ஒரு ஆய்வு இல்லை. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் பஞ்சாபிலும் தெலங்கானாவிலும் உப்பைக் குறைப்பதற்கான ஆலோசனையின் பலனைச் சோதித்து வருகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேளாண்மைக்காரனான நான் சொல்லியே ஆக வேண்டும். பொட்டாசியம் குளோரைடு என்றதும் உங்களில் பலருக்கு நம் பொட்டாஷ் உர மூட்டை நினைவுக்கு வரும். வேதிப்பெயர் ஒன்றுதான். ஆனால் உரம் உணவுத் தரத்தில் சுத்திகரித்தது கிடையாது. விளையாட்டுக்குக்கூட அதைச் சமையலில் சேர்க்காதீர்கள். கடையில் விற்கும் குறைந்த சோடியம் உப்பையும் எல்லோரும் வாங்கக்கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், எனலாப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தவறிவிடும். கடும் வெயிலில் உழைப்பவர்களுக்குத் தெரியாமலே சிறுநீரகம் பழுதாவது விவசாயத் தொழிலாளர்களிடம் பார்க்கப்படுகிறது. அதனால் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிரியாட்டினின் பரிசோதனை செய்துகொண்டு, டாக்டரிடம் கேட்டுவிட்டு மாறுங்கள்.

அந்த லேபிள் என்ன ஆயிற்று?

ரத்த அழுத்தத்தைக் குணமாக்கும் என்று எந்தப் பொருளுக்கும் விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டமே சொல்கிறது. அதன் பட்டியலில் ரத்த அழுத்தம் பெயர் சொல்லியே இருக்கிறது. உணவுப் பொருளாக விற்றால் 2018ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விளம்பர விதிகளும் சேர்ந்துகொள்ளும். நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று உணவுப் பாக்கெட்டில் எழுத முடியாது.

யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவச் சங்கம் 2022ல் தொடர்ந்த வழக்கில் பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்களை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. நிறுவனம் 2024ல் நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் வெளியிட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் உத்தராகண்ட் அரசு 14 பொருட்களின் உரிமத்தை நிறுத்தியபோது, அதில் பி.பி.க்கென்று விற்ற இரண்டும் இருந்தன. மே மாதமே அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது, அவமதிப்பு வழக்கும் ஆகஸ்டில் முடிந்தது. 2025 அக்டோபரில் பழச்சாறு பாக்கெட்டுகளில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று எழுதவே உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். இருபது பேர் பங்கு போட்டு நடத்தும் உழவர் குழுவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தாலே அந்த ஆண்டு லாபம் போய்விடும்.

சட்டத்தை விடுங்கள். நம் பாக்கெட்டில் உள்ள எழுத்தை நம்பி இன்னொரு ஊரில் ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அதற்கு நாமும் பொறுப்பாளிதான். நான் அன்று லேபிளை நிறுத்தச் சொன்னது முக்கியமாக இதற்காகத்தான்.

எழுதக்கூடியதும் நிறைய இருக்கிறது. 100 கிராமில் 6 கிராமுக்கு மேல் நார்ச்சத்து இருந்தால் "நார்ச்சத்து மிகுந்தது" என்று போடலாம். காய்ந்த முருங்கை இலையில் அதைவிட நிறையவே இருக்கும். ஆனால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை கையில் இருக்க வேண்டும். நிழலில் உலர்த்தியது, எந்த ஊர், எந்தத் தேதியில் பறித்தது, உப்போ நிறமோ சேர்க்காதது என்பதையெல்லாம் எழுதலாம். ஏற்றுமதி வாங்குபவர்கள் முதலில் கேட்பதும் இவற்றைத்தான். பூச்சிமருந்து எச்சம், கன உலோகம், ஈரப்பதம் ஆகியவற்றின் சோதனை முடிவையும் கேட்பார்கள். பி.பி. பற்றி யாரும் கேட்பதில்லை. கீரைக்காக வளர்க்கும் மரத்தில், காய்க்கு அடிக்கிற மாதிரி கம்பளிப்புழுவுக்கு மருந்து அடித்திருந்தால் இந்த இடத்தில்தான் சரக்கு திரும்பி வரும்.

நம் ஆட்கள் இருவரும் அன்று வெறும் கவரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஒருவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மறுவாரம் அவர் ஊரில் அந்தத் திட்டத்தின் செவிலியர் வந்தபோது அவருக்கும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 160/100. இதுவரை அளந்ததே இல்லையாம். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், கருவாட்டை வாரம் ஒரு நாளாக்கியிருக்கிறார். நீங்களும் அளக்கும்போது ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, டீயோ பீடியோ குடித்து அரை மணி நேரம் ஆன பிறகு அளக்கச் சொல்லுங்கள். 140/90க்கு மேல் வந்தால் இன்னொரு நாளும் அளந்து பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள். முருங்கைப் பொடியின் மாதிரி 250 கிராம் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. அறிக்கை வந்த பிறகு லேபிள் அச்சாகும்.